பேக்கிங் மாத்துறதுக்கு முன்னாடி: பழைய புல்லட் ஏன் எண்ணெய் ஒழுகுது?



போன எபிசோடில் பழைய எஞ்சின்களைப் பற்றிப் பேசும்போது போகிற போக்கில் புல்லட் பெயரும் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தில் இருக்கும் ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். (வெளியூர் வாசகர்களுக்கு: மிச்சம் தென் லண்டனில் ஒரு ஊர். மிஞ்சினது இல்லை.) அவரிடம் 1984-ல் செய்த 350 சிசி புல்லட் இருக்கிறது. மூன்று தரம் பேக்கிங் மாற்றியாகிவிட்டது, ஒழுகல் நிற்கவில்லை. கடைசியாகப் பார்த்த மெக்கானிக், "இது பழைய பிரிட்டிஷ் டிசைன், இப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டாராம். வீட்டு வாசல் கல்லெல்லாம் கறை, வீட்டில் தினமும் சண்டை. வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்கிறார்.

விற்க வேண்டாம் அண்ணே. நான்காவது தரம் பேக்கிங் வாங்கவும் வேண்டாம். முதலில் இதைப் படித்துவிடுங்க.

"புல்லட்ல எண்ணெய் ஒழுகலைன்னா உள்ள எண்ணெய் இல்லைன்னு அர்த்தம்" என்ற ஜோக் எல்லாருக்கும் தெரியும். டிரையம்ஃப், நார்டன், பிஎஸ்ஏ வைத்திருக்கும் வெள்ளைக்காரர்களும் இதே ஜோக்கைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். எனக்கு இந்த ஜோக் பிடிக்காது. ஒழுகுவது வண்டியின் குணம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், அதற்குப் பிறகு யாரும் காரணம் தேடுவதில்லை. காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அது பேக்கிங் இல்லை, காற்று.

அதற்குப் போவதற்கு முன் இந்த வண்டி யாருடையது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாகம் வாங்கும்போது இது உதவும். புல்லட் பிறந்தது இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில். இந்திய ராணுவத்துக்கு எல்லையில் ஓட்ட வண்டி தேவைப்பட்டபோது மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலம் அது இந்தியாவுக்குப் போனது. 1955-ல் ரெடிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் பாகங்களை இறக்கிப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் அங்கேயே வந்துசேர, முழு வண்டியும் சென்னையில் உருவானது. ரெடிட்ச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் பிரிட்டனில் ராயல் என்ஃபீல்டு கதையே முடிந்தது. ஆனால் திருவொற்றியூரில் அதே எஞ்சினைத் தொடர்ந்து செய்துகொண்டே இருந்தார்கள். 1977 முதல் பிரிட்டனுக்கே ஏற்றுமதியும் ஆரம்பமானது. அண்ணனுடைய வண்டியின் டேங்கில் 'ராயல்' இல்லாமல் வெறும் 'என்ஃபீல்டு' என்று இருப்பது அதனால்தான். ஆக அவர் கையில் இருப்பது 1984-ல் செய்த வண்டியானாலும் எஞ்சின் என்னவோ ஐம்பதுகளுடையது. நோயும் ஐம்பதுகளின் நோய்தான்.

இப்போது காற்று.

புல்லட் 350-ன் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 346 சிசி. பிஸ்டனுக்கு மேலே நடப்பதைத்தான் எல்லாரும் பார்க்கிறோம்: பெட்ரோல், தீப்பொறி, வெடிப்பு. கீழே என்ன நடக்கிறது? பிஸ்டன் இறங்கும்போது கிராங்க்கேஸில் இருக்கும் காற்றில் அதே 346 சிசிக்கு இடம் இல்லாமல் போகிறது. ஏறும்போது அவ்வளவு இடம் திரும்பக் கிடைக்கிறது. 3000 ஆர்பிஎம் என்றால் இது வினாடிக்கு 50 தடவை. அதாவது ஒவ்வொரு வினாடியும் 17 லிட்டர் காற்று, ஒரு குடத்துக்கும் மேல், எங்கே போவது என்று தெரியாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு ஒரு வழி விடாவிட்டால் அதுவே வழி தேடிக்கொள்ளும். பேக்கிங் ஓரம், ஆயில் சீல் உதடு, ஸ்க்ரூ மரை, எங்கே பலவீனமோ அங்கே. போகும்போது எண்ணெயையும் கூட்டிக்கொண்டு போகும்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டு பிஸ்டன் இறங்கும்போது மற்ற இரண்டும் ஏறுகின்றன, காற்று உள்ளுக்குள்ளேயே இடம் மாறிக்கொள்கிறது. 1969-ல் வந்த ஹோண்டா சிபி750 அப்படி. அதற்கு முன் 1965-ல் வந்த சிபி450 இரட்டைச் சிலிண்டர்தான், ஆனால் அதிலும் ஒரு பிஸ்டன் ஏற இன்னொன்று இறங்கும். டிரையம்ஃப், நார்டன், பிஎஸ்ஏ இரட்டைச் சிலிண்டர்களில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், அதனால் காற்றுத் தொல்லையும் இரண்டு மடங்கு. ஜப்பான்காரன் நல்ல பேக்கிங் போட்டதால் மட்டும் ஜெயிக்கவில்லை. ஒழுகுவதற்கான காரணத்தையே டிசைனில் குறைத்துவிட்டான்.

இன்னொன்று, கிராங்க்கேஸைப் பிளந்த விதம். பிரிட்டிஷ் எஞ்சின்கள் தேங்காய் மூடியைச் செங்குத்தாக நிறுத்தின மாதிரி இடம், வலம் என்று இரண்டு பாதியாக இருக்கும். ஒட்டுக்கோடு எண்ணெய் தேங்கும் அடிப்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகும். ஜப்பான் எஞ்சின்களில் மேல், கீழ் என்று பிளந்திருப்பார்கள், ஒட்டு பெரும்பாலும் எண்ணெய் மட்டத்துக்கு மேலே வரும். செங்குத்து ஒட்டில் இன்னொரு சள்ளையும் உண்டு. சிலிண்டர் உட்காரும் வாயில் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு மயிரிழை மேடுபள்ளம் இருந்தாலே போதும், சிலிண்டர் அடி பேக்கிங் அங்கே கசியும். மேலே எத்தனை பேக்கிங் மாற்றினாலும் அந்தப் படி அப்படியேதான் இருக்கும்.

இதெல்லாம் அந்தக் கால பிரிட்டிஷ் எஞ்சினியர்களுக்குத் தெரியாதது இல்லை. தெரிந்ததால்தான் ப்ரீத்தர் வைத்தார்கள். லாபத்தைப் புதிய மெஷினில் போடாமல் பழைய மெஷினிலேயே வெட்டி அனுப்பியதற்கு வேறு ஆட்கள் பொறுப்பு.

ப்ரீத்தர் என்பது கிராங்க்கேஸ் மூச்சு விடும் குழாய். பிஸ்டன் இறங்கும்போது காற்றை வெளியே விட வேண்டும், ஏறும்போது திரும்ப உள்ளே இழுக்கக் கூடாது. அப்படி ஒருவழிப் பாதையாக இருந்தால், கொஞ்ச நேரத்தில் உள்ளே லேசான வெற்றிடம் உண்டாகும். வெற்றிடம் இருக்கிற எஞ்சின் எண்ணெயை வெளியே துப்பாது, ஒட்டு ஓரங்களில் இருப்பதை உள்ளேதான் இழுக்கும். சுமாரான பேக்கிங்கூட அப்போது தாங்கிவிடும். இந்த ஒருவழி வேலையைப் புல்லட்டில் செய்வது வாத்து அலகு மாதிரி இருக்கும் ஒரு சின்ன ரப்பர் துண்டு. மலிவான சாமான், யாரும் கண்டுகொள்வதில்லை. இருபது வருடத்தில் அது விறைத்துப் போயிருக்கும், அல்லது பிளந்திருக்கும், அல்லது யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள்.

சோதிப்பது சுலபம். ரப்பரைக் கழற்றித் துடைத்து வாயில் வைத்து ஊதினால் காற்று போக வேண்டும், உறிஞ்சினால் அடைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் போனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்க. அப்படியே சிலிண்டருக்குக் கீழே கிராங்க்கேஸிலிருந்து வரும் ரப்பர் குழாயையும் பாருங்க. மடிந்திருக்கிறதா, உள்ளே கசடு அடைத்திருக்கிறதா? அந்தக் குழாயின் அடைப்புதான் பல புல்லட்டுகளின் மொத்த வியாதி. குழாய் சுத்தம், ரப்பரும் புதுசு, ஆனாலும் எஞ்சின் ஓடும்போது ப்ரீத்தர் வழியாக நீலப் புகை புகையாக வருகிறது என்றால், பிஸ்டன் ரிங் தேய்ந்து வெடிப்பின் வாயு கீழே இறங்குகிறது. அப்போது வேலை மேலே, சிலிண்டரில். எந்தப் பேக்கிங்கும் அதைக் காப்பாற்றாது.

அடுத்தது எண்ணெய் அளவு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்க, ஏனென்றால் லண்டனில் இது அதிகம் நடக்கும். புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி தனியாக ஃபிரேமில் தொங்கவில்லை, கிராங்க்கேஸ் வார்ப்பிலேயே பின்பக்கம் ஒரு அறையாக இருக்கிறது. ஒரு பம்ப் அங்கிருந்து எண்ணெயை எடுத்து எஞ்சினுக்குக் கொடுக்கும், இன்னொரு பம்ப் அடியில் விழுந்ததைத் திரும்பத் தொட்டிக்கு அனுப்பும். வண்டி நவம்பரிலிருந்து மார்ச் வரை தார்ப்பாய்க்குள் நிற்கிறது என்று வையுங்க. தொட்டி எண்ணெய் மெல்ல மெல்லப் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். மார்ச்சில் மூடியைத் திறந்து அளவுகோலைப் பார்த்தால் எண்ணெய் குறைவு. உடனே அரை லிட்டர் ஊற்றுவோம். ஸ்டார்ட் செய்ததும் கீழே இருந்ததெல்லாம் தொட்டிக்குத் திரும்பி, தொட்டி வழிந்து, மிச்சம் ப்ரீத்தர் வழியாக வாசலில் கொட்டும். (இந்த மிச்சம் ஊர் இல்லை.) இது ஒழுகலே இல்லை, நாமே ஊற்றியது. அதனால் வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பிறகுதான் அளவு பார்க்கணும். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் முதல் உதைக்கு முன் கிராங்க்கேஸ் அடியில் இருக்கும் வடிகால் பிளக்கைத் திறந்து, இறங்கியிருக்கும் எண்ணெயை ஒரு தட்டில் பிடித்து, சுத்தமாக இருந்தால் திரும்பத் தொட்டியில் ஊற்றுவது இன்னும் நல்லது.

இந்த இரண்டையும் சரிசெய்த பிறகும் ஒழுகினால்தான் எங்கே என்று தேடணும். தேடுவதற்கு ஸ்பானர் வேண்டாம், முகத்துக்குப் போடும் பவுடர் போதும். எஞ்சினை டிகிரீசர் போட்டு நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஒட்டுகள் எல்லாவற்றின் மேலும் பவுடரைத் தூவி, ஐந்து மைல் ஓட்டிவிட்டு வந்து பாருங்க. எண்ணெய் வந்த இடம் பவுடரில் கோடாகத் தெரியும். எண்ணெய் கீழே வழியும், காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டுகிற இடம் எதையும் நிரூபிக்காது. ஈரமான இடங்களில் எது மேலாகவும் முன்னாலும் இருக்கிறதோ அதுதான் குற்றவாளி. அடியில் கிராங்க்கேஸ் ஒட்டில் சொட்டுகிறது என்று எஞ்சினையே பிரித்துப் போட்டவர்கள் உண்டு. உண்மையில் ராக்கர் கவரிலிருந்து வழிந்திருக்கும்.

இன்னொரு தந்திரம் நிறம். புல்லட்டில் மூன்று இடத்தில் மூன்று வகை எண்ணெய் இருக்கிறது: எஞ்சின், இடப்பக்கம் கிளட்ச்சும் பிரைமரி செயினும் இருக்கும் சங்கிலிப் பெட்டி, பின்னால் கியர்பாக்ஸ். சங்கிலிப் பெட்டியில் சிவப்பு நிற ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் நிறைய. கிளட்ச்சுக்கும் ஒத்துவரும், கீழே அட்டை விரித்தால் சொட்டு எங்கிருந்து வந்தது என்று நிறமே சொல்லிவிடும். இங்கே அளவையும் கவனியுங்க. சங்கிலிப் பெட்டியில் எண்ணெய் குறைந்தால் வெளியே போகிறது. கூடினால், எஞ்சின் எண்ணெய் கிராங்க் ஷாஃப்டின் இடப்பக்கச் சீல் வழியாக உள்ளே வருகிறது. அந்தச் சீலையும் காற்றழுத்தம்தான் பெரும்பாலும் கெடுக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்க.

சங்கிலிப் பெட்டி மூடி புல்லட்டின் தனி விசேஷம். அவ்வளவு பெரிய மூடி, நடுவில் ஒரே ஒரு நட், ஓரத்தைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். ஒழுகினால் எல்லாரும் செய்வது நட்டை இன்னும் முறுக்குவது. முறுக்க முறுக்க மூடி நடுவில் அழுந்தி ஓரம் தூக்கிக்கொள்ளும், இன்னும் ஒழுகும். புது ரப்பர் வளையம், அது உட்காரும் பள்ளத்தில் பழைய சிலிகான் துளிகூட இல்லாமல் சுரண்டுவது, பிறகு அளவான முறுக்கு. அப்பவும் நிற்கவில்லை என்றால் உள்பக்கத் தகடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும், அதை ஷிம் வைத்து நேராக்கணும்.

மற்ற ஒட்டுகளில் வழக்கமாகக் கசிவது சிலதுதான். இரண்டு ராக்கர் கவர், சிலிண்டரின் வலப்பக்கம் அடியில் இருக்கும் டாப்பெட் மூடி, ராக்கருக்கு எண்ணெய் கொண்டுபோகும் வெளிக்குழாயின் செப்பு வாஷர்கள். செப்பு வாஷரைத் திரும்பப் போடலாம், ஆனால் முதலில் கேஸ் அடுப்பில் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டு எடுங்க. இரும்பு இப்படிச் செய்தால் கெட்டியாகும், செம்பு இளகும். இளகிய வாஷர்தான் மேடுபள்ளத்துக்கு அமுங்கும். புஷ்ராடு போகும் வழி புல்லட்டில் சிலிண்டர் வார்ப்புக்குள்ளேயே இருக்கிறது. டிரையம்ஃப்காரர்கள் வெளியே நிற்கும் புஷ்ராடு குழாய்களின் ரப்பர் வளையத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் நம்ம பாடு பரவாயில்லை.

மூடிகளின் முகம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் 400 நம்பர் எமரித் தாளை வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, மூடியை எட்டு போடுவது மாதிரி தேயுங்க. முகத்தில் முதலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டால், எங்கே மை அழியவில்லையோ அங்கே பள்ளம். முழு முகமும் ஒரே மாதிரி மங்கலாக வந்ததும் நிறுத்திவிடணும். ஸ்பானரில் மட்டும் கவனம். இந்தப் பழைய நட்டுகளில் பல விட்வொர்த் அளவு. மெட்ரிக் ஸ்பானர் ஏறக்குறைய பொருந்தும், அந்த 'ஏறக்குறைய'தான் நட்டின் மூலையை வழித்துவிடும்.

பிறகு அந்த டியூப். ஊரில் அனபாண்ட், இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும் சிலிகான். இதைப் பற்றித்தான் எனக்கு உண்மையான பயம். தாராளமாகப் பிதுக்கிப் பூட்டினால் வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது ஒருநாள் உதிர்ந்து எண்ணெய் போகும் சின்னத் துளையில் போய் உட்காரும். இந்தப் புல்லட்டின் பெரிய எண்டில் உருளை பேரிங் இல்லை, மிதக்கும் புஷ். எண்ணெய் வராமல் அது கொஞ்ச தூரம்கூடத் தாங்காது. பத்து சொட்டை நிறுத்தப்போய் கனெக்டிங் ராடையே இழப்பது இப்படித்தான். பேப்பர் பேக்கிங்கின் இரண்டு பக்கமும் விரல் நுனியால் ஹைலோமர் மாதிரி இறுகிப்போகாத பசையை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். ரோல்ஸ் ராய்ஸ் விமான எஞ்சினுக்காக உருவான சாமான் அது, புல்லட்டுக்குப் போதாதா?

கியர்பாக்ஸுக்கு ஒரு வரி. அது மெல்லிய எண்ணெய்க்காகச் செய்ததே இல்லை, அரைத்திரவ கிரீஸுக்காகச் செய்தது. எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ஷாஃப்ட் வழியாக வந்துகொண்டேதான் இருக்கும்.

வீட்டு வாசலில் செய்ய முடியாதவையும் உண்டு. கிராங்க் ஷாஃப்ட் சீல், வார்ப்பில் விரிசல், மேலே சொன்ன மேடுபள்ளப் படி. அதற்கு எஞ்சின் இறங்கணும், தெரிந்த கை வேணும். ஆனால் மூன்று தரம் பேக்கிங் மாற்றிய செலவில் இந்த அண்ணன் இன்னும் ப்ரீத்தர் ரப்பரைத் தொட்டுப் பார்க்கவில்லை.

கறை மட்டும்தானே என்று விட்டுவிடவும் முடியாது. இடப்பக்கம் வழிகிற எண்ணெய் பின் டயருக்குப் போக ரொம்ப தூரம் இல்லை. மழை பெய்த ரவுண்டபவுட்டில் வண்டியைச் சாய்க்கும்போது அது தெரியும். தெருவில் சொட்டியது மழையோடு வடிகாலுக்குப் போகும். பல இடங்களில் மழைநீர் வடிகால் நேராக ஆற்றில்தான் விழுகிறது, மிச்சத்துக்கு ஆறு என்றால் வாண்டில். இதில் இன்னொரு வேடிக்கை: 40 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு எம்.ஓ.டி கட்டாயம் இல்லை. வரலாற்று வாகனமாகப் பதிந்துவிட்டால் சாலை வரியும் இல்லை, யூலெஸ் கட்டணமும் இல்லை. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுக்க யூலெஸ். 1994 புல்லட்டில் மிச்சத்துக்குள் சுற்றினால் நாளுக்கு 12.50 பவுண்டு, 1984 புல்லட்டுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எம்.ஓ.டி இல்லை என்றால் வருடத்துக்கு ஒருமுறை அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிற அந்த ஒரு ஆளும் இல்லை. வண்டி ஓட்டும் நிலையில் இருக்கணும் என்ற சட்டம் மட்டும் அப்படியே இருக்கு. பார்க்க வேண்டியது நீங்கதான்.

அதனால் அண்ணே, வரிசை இதுதான். இந்த வார இறுதியில் ப்ரீத்தர் குழாயும் ரப்பரும். பிறகு சூடாக வைத்து எண்ணெய் அளவு. பிறகு கழுவி, பவுடர் தூவி ஐந்து மைல். அடியில் ஒரு அட்டை விரித்து, தேதி போட்டு, ராத்திரி முழுக்க விட்டுப் படம் எடுத்து அனுப்புங்க. சொட்டின் நிறத்தையும் இடத்தையும் பார்த்துவிட்டு எந்தப் பேக்கிங் என்று சொல்கிறேன், தேவைப்பட்டால்.